சீனி போடாத தேத்தண்ணி

“கோசோங்,” என்றான் ஜெயபாலன், தினேஸ்வரி வாயைத் திறக்கும் முன்பே.

கிளினிக் வாசலில் தேநீர்க் கடை போட்டிருக்கும் அப்பாவு அண்ணனுக்கு அந்த ஒரு சொல் போதும். சீனியும் பாலும் போடாமல் ஒரு தேநீரை ஆற்றி அவள் முன் வைத்தார்.

“இவளுக்கு இனிப்பு நீரு லா, அண்ணே. நாமதான் கண்ணுங்கருத்துமா பாத்துக்கணும். விட்டா சீனி டின்னுக்குள்ளயே குடித்தனம் பண்ணுவா.”

அப்பாவு சிரித்தார். வலக்கை ஆள்காட்டி விரலில் கட்டு இருந்ததால் தினேஸ்வரி கோப்பையை இடக்கையால் எடுத்தாள்.

“வெரலுக்கு என்னாச்சும்மா?”

“பாத்ரூம்ல வழுக்கிட்டா,” என்றான் ஜெயபாலன். அவளிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு அவனே விடை சொல்வது வழக்கம்.

எட்டு மாதமாக அவளுடைய தேநீர் இப்படித்தான். வீட்டுச் சீனி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அவனுடைய மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தில்.

மாதத்தின் முதல் செவ்வாய், கிளினிக்கில் இனிப்பு நீர் நோயாளிகளுக்கான நாள். அந்த நோயாளிகளுக்கென்று கொடுக்கும் அவளுடைய நீல அட்டையையும் பையையும் அவனே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். புந்தோங்கிலிருந்து வந்திருந்த ஒரு பெண் நாற்காலியில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“குடுத்து வெச்சவ லா நீ. என் வீட்டு ஆளு பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வரமாட்டாரு.”

தினேஸ்வரி தலையசைத்தாள். மாதந்தோறும் இதை யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்கள்.

அவளுடைய எண்ணை அழைத்தார்கள். ஜெயபாலனும் எழுந்தான்.

“இன்னைக்கி நானும் உள்ள வாரேன். நான் இவ்ளோ கண்டிப்பா இருந்தும் சீனி ஏன் எறங்கலன்னு கேக்கணும்.”

அவளுடைய கால்கள் நின்றுவிட்டன.

அவன் உள்ளே வந்தால் எல்லாம் முடிந்தது. ஊசி போடும் அறையைத் தாண்டி, நடைவழியின் கோடியில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறை இருக்கிறது. வீட்டில் அடி வாங்கும் பெண்களோடு பேசுவதற்கென்றே பெர்னடெட் அங்கு வருகிறார். மாதத்தில் ஒரு மணி நேரம் தினேஸ்வரிக்கு உரியது. அப்படியோர் அறை இருப்பதே ஜெயபாலனுக்குத் தெரியாது.

தாதி பிரமிளா கதவைப் பாதி திறந்து, வழியை மறைத்து நின்றாள்.

“பொம்பளைங்க சட்டையத் தூக்கி வயித்துல ஊசி போட்டுக்கிறாங்க, அண்ணே. நீங்க வந்து வேடிக்க பாக்கணுமா?”

நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது.

“இல்ல மிசி, சும்மாதான் கேட்டேன். சோரி, மிசி.”

பஞ்சு போன்ற குரல். பதினோரு ஆண்டு மணவாழ்க்கையில் தினேஸ்வரி ஒருமுறைகூடக் கேட்டிராத குரல்.

கோபம் வந்தால் தன்னையே தனக்குத் தெரியாது என்பான். கை தானாக எழுந்துவிடுகிறது என்பான். இதோ, இத்தனை பேருக்கு நடுவில் ஒருத்தி அவனை அவமானப்படுத்திவிட்டாள். அவன் முகம் கறுத்தது; தாடை இறுகியது. கை மட்டும் எழவில்லை. அது கால்சட்டைப் பைக்குள் போய் ஒழுங்காக இருந்துகொண்டது.

அவனுக்கு அடக்கத் தெரியும். பதினோரு ஆண்டும் தெரிந்தே இருந்திருக்கிறது.

கோடி அறையின் மேசைமேல் வழக்கம்போல் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. போலீஸ் புகாருக்கான தாள். ஏழு மாதமும் அதில் ஓர் எழுத்தும் விழவில்லை. பெர்னடெட் வற்புறுத்தியதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

“கோவம் வந்துச்சா, தினா?”

‘இல்லக்கா, பயம்தான்’ என்பதே ஏழு மாதமும் அவளுடைய விடை. இன்று அவள் பேனாவை எடுத்தாள்.

கட்டுப் போட்ட விரலை விலக்கி, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடித்து எழுதினாள். எழுத்துகள் கோணின. வாக்கியங்கள் கோணவில்லை.

‘கோயிலில் கொடுத்த கேசரியை ஒரு வாய் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும், எந்த விரலால் தொட்டாய் என்று என் கணவர் ஜெயபாலன் கேட்டார். காட்டினேன். உன் நன்மைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே அந்த விரலைப் பின்பக்கமாக மடக்கி முறித்தார்.’

பெர்னடெட் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றி, டின் பால் விட்டு, மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கி அவளிடம் நீட்டினார்.

தினேஸ்வரி மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

அந்தச் சீனி அவளை ஒன்றும் செய்யாது. அவளுக்கு இனிப்பு நீர் ஒருநாளும் இருந்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன், கிழிந்த புருவத்தோடு வந்தவளின் பக்கத்தைவிட்டு நகர மாட்டேன் என்று கணவன் நின்ற நாளில், அவளை மாதம் ஒருமுறையாவது தனியே இந்த அறைக்கு வரவழைக்கப் பிரமிளாவுக்குத் தோன்றிய ஒரே வழி அந்த நீல அட்டை. அடியிலிருந்து தப்புவதற்காக ஒரு நோயைச் சொன்னார்கள். அவன் அந்த நோயை வைத்தும் அடித்தான்.

தாளின் அடியில் அவள் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டாள்.

“பின்பக்கம் என் காடி நிக்கிது. இப்பவே ஸ்டேஷனுக்குப் போலாமா?” என்றார் பெர்னடெட். “பை?”

“அதுல வெறும் கொடதான்க்கா. ஐசி, அடையாளக் கார்டு, என்கிட்ட இருக்கு. அவரு மடியிலயே வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கட்டும்.”

காலிக் கோப்பையை அவள் மேசைமேல் தள்ளினாள்.

“போலாம்க்கா. மொதல்ல இன்னொன்னு ஊத்துங்க. நாலு கரண்டி.”