எதிர் நாற்காலி

“உங்க வீட்டுக்காரர் மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்கு உயிரோடயே இருந்திருக்க மாட்டேம்மா!”

வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு அழுதாள் அந்தப் பெண். கையில் ஒரு துணிப்பை.

அரசு வழக்கறிஞரின் மனைவிக்கு இது புதிதல்ல. அவர் இதே வீட்டு ஆபீஸ் அறையில் சுட்டுக் கொல்லப்பட்டுப் பதினோரு வருடங்கள் ஆகியும், நன்றி சொல்ல யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கொன்றவன் யார் என்றுதான் தெரிந்தபாடில்லை.

“உள்ளே வாம்மா. கையெழுத்துப் போடற நேரம் பார்த்து வந்திருக்கே.”

அதே ஆபீஸ் அறை மேஜை மேல் போலீஸ் அனுப்பிய நோட்டீஸ் கிடந்தது. ‘குற்றவாளியைக் கண்டுபிடிக்க இயலவில்லை. வழக்கை முடித்துக்கொள்ள ஆட்சேபணை உண்டா?’ பதில் தர இன்றுதான் கடைசி நாள். ‘இல்லை’ என்று எழுதியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி.

“பேப்பர்ல பார்த்தேம்மா. அதான் ஓடி வந்தேன். ‘இப்ப எதுக்குப் பழசைக் கிளறணும்?’னு அண்ணன் ஒரே முணுமுணுப்பு. அடம்பிடிச்சு வண்டியை எடுக்க வெச்சேன்.”

“அவரையும் கூப்பிடேன்.”

“அவரா! தெருவுல வெயில்ல காய்ஞ்சாலும் காய்வாரே தவிர, வக்கீல் வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டார்.”

“சரி, நீ உட்காரு.”

ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்த எதிர் நாற்காலியைக் காட்டியதும் அவள் பின்வாங்கினாள். “அதுல வேண்டாம்மா. நிக்கறேனே.”

தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்த தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள் அவள். முதலாளி பின்கதவைப் பூட்டியதைப் பார்த்துவிட்டு உயிர் பிழைத்த ஒரே சாட்சி.

“அண்ணன் அப்ப அந்த முதலாளிக்கே டிரைவரும்மா. வேலை போனாப் போகட்டும்னு, யாருக்கும் தெரியாம என்னை இங்க கூட்டிட்டு வந்து விட்டார். எனக்கு உயிர்ப்பிச்சை போட்டவங்க ரெண்டே பேரு. ஒண்ணு சார், இன்னொண்ணு அண்ணன்.”

சொல்லிக்கொண்டே பையிலிருந்து எடுத்து நீட்டினாள். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்த கறுப்புக் கோட்டு.

கொலை நடந்த அன்று காணாமல் போன கோட்டு. கொலைகாரன்தான் எடுத்துப் போனான் என்று போலீஸ் வருடக்கணக்காகத் தேடிய கோட்டு!

“இது... உன்கிட்ட எப்படி?”

“அன்னைக்கு நான் இங்கதாம்மா இருந்தேன்.”

பேனா உருண்டு கீழே விழுந்தது.

“ரெண்டு நாள்ல சாட்சி சொல்லணும். எனக்கா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. சார் சிரிச்சார். ‘எழுந்திரு, இடம் மாத்திக்குவோம். நீ வக்கீல், நான் சாட்சி’ன்னார். கோட்டை எனக்கு மாட்டி, தன் நாற்காலியில உட்கார வெச்சார். அவர் இந்த எதிர் நாற்காலியில உட்கார்ந்துகிட்டு, ‘வக்கீலம்மா, அடிக்காதீங்க, எல்லாத்தையும் சொல்லிடறேன்’னு கிடுகிடுன்னு நடுங்கிக் காட்டினார். தீ விபத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தாம்மா நான் சிரிச்சேன். அப்பத்தான் ஜன்னல் கண்ணாடி படார்னு...”

“போலீஸ்ல ஏன் சொல்லலை?”

“கோட்டோடவே ஓடிட்டேன். நான் வந்தது வெளியே தெரியவே கூடாதுன்னு சார் சொல்லியிருந்தார். அண்ணனும் அதையே பிடிச்சுக்கிட்டு, வாயே திறக்காதேன்னுட்டார். ஆனா கோர்ட்ல நடுங்கலைம்மா! முதலாளிக்கு ஆயுள் தண்டனை.”

வழக்கறிஞரின் மனைவி கோட்டின் காலரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“கடைசியா அவர் சிரிச்சுட்டிருந்தாரா? பதினோரு வருஷமா அது தெரியாமத் தவிச்சேன். நான்தாம்மா உனக்கு நன்றி சொல்லணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவரின் பார்வை ஜன்னலில் நிலைத்தது. உடைந்ததற்குப் பதிலாக அதே மாதிரி மங்கலான கண்ணாடிதான் போட்டிருந்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் எதிர் நாற்காலியில் இருப்பவரின் தலை வெறும் நிழலாகத்தான் தெரியும்.

ஏதோ கோப்பு எடுக்க எழுந்து வந்தபோது சுடப்பட்டார் என்று போலீஸ் எழுதி வைத்திருந்தது. அவர்மேல் யாருக்கு வஞ்சம் என்று, அவர் ஜெயிலுக்கு அனுப்பிய அறுபத்து மூன்று பேரையும் விசாரித்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மனைவி குனிந்து பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடாமலே மூடினார்.

“அன்னைக்கு நீ இங்க வரப்போறது யாருக்கெல்லாம் தெரியும்?”

“ஒரு ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாதும்மா, அண்ணனைத் தவிர” என்று அவள் வெள்ளந்தியாகச் சொன்னபோது, மங்கலான கண்ணாடியில் அதுவரை அசையாமல் நின்றிருந்த ஒரு தலையின் நிழல் சட்டென்று விலகியது.