குப்பைமேனி வைத்தியம்

முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்த என் கையைப் பார்த்ததும் நிர்மலாக்கா சொன்னார், "எனக்கும் இதே அலர்ஜி வந்துச்சு காவியா. குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சுப் பூசினேன். இப்ப பாரு."

அவர் கையில் ஒரு தழும்புகூட இல்லை.

ஓசூரில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்பெனியில்தான் வேலை. நான் உதிரிபாகங்களைக் கெமிக்கலில் கழுவுகிறேன். அக்கா பேக்கிங்.

"டாக்டர்கிட்ட போயிடாத. மாத்திரை அரிப்பை அமுக்கித்தான் வைக்கும். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள் விடாம பூசு. கத்திரிக்காய், கருவாடு தொடாத."

தொடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தணிகிற அரிப்பு, திங்கட்கிழமை மறுபடி கிளம்பியது.

"லீவு நாள்ல நல்லா ஊறவிடுற, அதான் மருந்து கேக்குது," என்றார் அக்கா. தினமும் அவரே இலை பறித்து வந்து தந்தார். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள் என்று நினைத்தேன்.

நாற்பதாம் நாள் கையில் நீர் கோத்துக்கொண்டது. சூப்பர்வைசர் சந்தோஷிடம் லீவு கேட்கப் போனேன்.

"உனக்குமா? நிர்மலாவும் இப்படித்தான் டாக்டர் சர்டிபிகேட் கொண்டாந்து பேக்கிங்குக்கு மாறினாங்க. அவங்க எடத்துலதான் உன்னைப் போட்டோம்."

"இலையில சரியாச்சுன்னாங்களே சார்?"

"கெமிக்கலை விட்டு வந்தா தானா சரியாகும். நீயும் சர்டிபிகேட் கொண்டா, மாத்திடறேன். அந்த எடத்துல ஆள் நிக்கிற வரைக்கும்தான் பேக்கிங்னு அவங்ககிட்ட அப்பவே சொல்லியாச்சு. இனி அவங்கதான் திரும்பி வரணும்."

வெளியே வந்தேன். கேட்டில் நிர்மலாக்கா ஈரம் காயாத இலைக்கட்டோடு நின்றிருந்தார்.

"இன்னும் எட்டு நாள்தான். நடுவுல விட்டுடாத காவியா."