ஏழாம் எண்

தேநீர் இடைவேளையில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்கள் நின்றிருக்கின்றன. கூரைக் கண்ணாடி வழியே சரியும் வெளிச்சத்தில் இரும்புத் தூசி இறங்க மனமில்லாமல் மிதக்கிறது. தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள், அதையே முனைவர் பட்ட ஆய்வாக எழுதி முடித்தவள், நாளைய வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகையாக அவர்களுக்கே வாசித்துக் காட்டுகிறாள். "ஏழாம் எண், வகுப்பில் வாயே திறக்கவில்லை. கற்பதில் நாட்டமில்லை." ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான், இருந்தாலும் எல்லார் கண்ணும் ஒருத்தி மேலேயே போய் நிற்கிறது. அந்த ஒருத்தி, இருபது வருஷமாக பிரஸ் மெஷினோடு மல்லுக்கட்டுகிற அக்கா, டம்ளரை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய் படிந்த விரலால் இடக்காதைத் தொடுகிறாள். "இந்தக் காது போயே போச்சும்மா. நீ எப்பவும் மெஷின் ஓடறப்ப, இந்தப் பக்கமே நின்னு பாடம் எடுப்ப. இன்னிக்கு மெஷின் நின்னதாலதான் நீ பேசறது காதுல விழுது. விழுந்ததும் இதுவா?" எல்லாரும் கொல்லென்று சிரிக்கிறார்கள். வாசித்தவள் தாளை மடக்குகிறாள். "ஏன்க்கா சொல்லவே இல்ல?" "நீ அவ்வளவு ஆசையா பேசிட்டிருப்ப, நடுவுல எப்படிச் சொல்றது? ஆனா ஒரு வகுப்பு விட்டேனா நான்?" அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வலப்பக்கம் வந்து உட்கார்கிறாள்.