எத்தனை வருடம்

இருபத்தாறாவது அடியோடு மணி நின்றது.

அவர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். தெருவே எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த இங்கிலாந்துக் கிராமத்தில் அது நானூறு வருட வழக்கம். யாராவது இறந்தால் தேவாலயத்து மணி ஊருக்குச் சொல்லும். பெண் என்றால் முதலில் ஆறு அடி. சற்று விட்டு, வயது எத்தனையோ அத்தனை அடி.

திருநீறு பூசியவளுக்கும் மணி உண்டா என்று இரண்டு நாள் தவித்தார். உண்டு என்று பதில் வந்தது. அப்போதுதான் அழுதார்.

ஆனால் அவர் மனைவி தவமலருக்கு வயது அறுபத்து நான்கு.

பிழை அவருடையதுதான். மணியடிக்கும் வில்ஃப்ரெட் காலையில் வந்து, தொப்பியைக் கழற்றி, எத்தனை வருடம் என்று கேட்டார். அந்த ஊர் அவரிடம் கேட்டதெல்லாம் அந்த ஒரே கேள்விதான். தபால் நிலையத்தில், கேக் போட்டியில், நாயோடு எதிர்ப்படுகிற இடத்தில். இங்கே வந்து எத்தனை வருடம்? பதில் வாய்க்குப் பழகிவிட்டது.

இருபத்தாறு என்றார்.

மணி நின்றதும் வீட்டுச் செருப்போடு மணிக்கோபுரத்துக்கு ஓடினார்.

வயது இருபத்தாறாக இருக்காதே என்று வில்ஃப்ரெட்டுக்கும் அப்போதே உறைத்ததாம். உங்கள் பக்கத்து வழக்கம் அப்படியாக்கும் என்று, மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிட்டாராம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. நின்ற மணியைத் தொடரக் கூடாது. ஒருவருக்கு இரண்டு தரம் அடிப்பதுமில்லை.

அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குத் தெரிந்த வருடங்களை அடித்தாயிற்று. அதற்கு முன் அவள் கோப்பாயில் பிறந்தது, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தது, போரில் மூன்று தரம் இடம்பெயர்ந்தது, குண்டுவீச்சின்போது பங்கருக்குள் மகளின் வாயைப் பொத்திப் பிடித்தது எல்லாம் சத்தமில்லாமல் போய்விட்டன.

அப்படியானால் வேறொரு பெண்ணுக்கு அடியுங்கள் என்றார். வயது முப்பத்தெட்டு.

வில்ஃப்ரெட் அவர் முகத்தைப் பார்த்தார்.

கட்டிய கயிற்றை அவிழ்த்தார்.

ஆறு அடி.

அவர் வீட்டை நோக்கி நடந்தார். மூடிய கதவுகள் மறுபடி திறந்தன. உதடுகள் அசைந்தன. முப்பத்தெட்டில் மணி நின்றது.

பக்கத்து வீட்டு ஹேசல் வேலியோரம் வந்தாள். தவமலருக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி. புதன்கிழமை தவறாமல் வந்து தேநீர் குடித்தவள்.

"இது ஆர்?"

"ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை," என்றார். "உங்களுக்குத் தெரியாது."