நவரட்ணத்தின் பிரதட்டை

நவரட்ணம் வெறும் மேலோடு கார் பார்க்கிங்கில் குப்புறக் கிடந்தார். ஐம்பது பேராவது பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அம்புலன்சுக்கு அடிக்கவில்லை.

"அரோகரா!" என்றுதான் சத்தம் போட்டார்கள். ஒரு தொண்டர் ஹோஸ் பைப்பால் தரைக்குத் தண்ணீர் அடித்தார். ஸ்காபரோவின் ஆடி வெயிலில் தார்த்தரை தோலை உரித்துவிடும். ஆனால் பிரதட்டை என்று நேர்த்தி வைத்தவர், உரிந்தாலும் கோயிலைச் சுற்றி உருண்டுதான் தீர்க்க வேண்டும்.

தலைக்கு மேலே நீட்டிய கைகளில் தேங்காயைப் பிடித்தபடி அவர் மறுபடியும் உருண்டார். ஒரு காலத்தில் தொழிற்சாலையாக இருந்த கட்டடம் அந்தக் கோயில். கோயிலுக்கென்று வீதி கிடையாது, பார்க்கிங்தான் வீதி. மனைவி ரதி துவாயோடு பின்னால் நடந்தாள்.

"உங்கட நிலாணிக்கு இடம் கிடைக்கேல்லையாம், உண்மையோ?" கூட வந்த பெண் மெல்லக் கேட்டாள்.

"ஓம் அக்கா. கனடா ரீமில எடுபடேல்லை. எண்டாலும் நேர்த்தியைத் தீர்க்கத்தான் வேணுமெண்டு ஒற்றைக்காலில நிக்கிறார். கடவுள் தராட்டிலும் இந்த மனுசன் குடுக்குது."

"என்ன பக்தியப்பா!"

நிலாணி சற்றுத் தள்ளி மர நிழலில் நின்றாள். அவளுடைய விளையாட்டு ஸ்கெலிட்டன். வளைந்து வளைந்து இறங்கும் பனிக்கட்டிப் பாதையில், ஒரு சின்னச் சறுக்குவண்டியில் குப்புறப் படுத்து, தலையை முன்னுக்கு நீட்டியபடி, ஹைவேயில் கார் போகும் வேகத்தில் கீழே போக வேண்டும். அவர்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்கில் இதை விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "ஏன் பிள்ளை, இருந்துகொண்டு போகேலாதோ?" என்று கேட்காத அன்ரி இல்லை.

அப்பா மட்டும் எதுவுமே கேட்டதில்லை. எல்லை தாண்டி அமெரிக்காவில் இருக்கும் லேக் பிளாசிட் பனிப்பாதை வரைக்கும் வான் ஓட்டுவது அவர்தான். சறுக்குவண்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முடிவிடத்தில் போய் நிற்பார். அவள் வந்துசேர்ந்து எழும்பும்வரை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். மகள் வெல்ல வேண்டுமே என்ற பதற்றம் என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாரியில் ஒரு வளைவில் அவள் தலை சுவரில் அடிபட்டது. தன் பெயரே நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றுதான் அவர் முருகனுக்கு இந்த நேர்த்தியை வைத்தார். என்ன கேட்டார் என்று யாருக்கும் சொல்லவில்லை. இதைக் கேட்டு வேறு அறிய வேண்டுமா என்று ரதியும் விட்டுவிட்டாள்.

பிள்ளை எழும்பினாள். மறுபடியும் பனிக்குப் போனாள். கடைசியில் மயிரிழையில் இடத்தைத் தவறவிட்டாள்.

அந்தச் செய்தி வந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. காலையில் வேட்டியோடு வெளிக்கிட்ட அப்பாவிடம், "வேண்டாம் அப்பா. நான்தான் எடுபடேல்லையே," என்று சொல்லிப் பார்த்தாள்.

"நேர்த்தி நேர்த்திதான் பிள்ளை," என்றுவிட்டு அவர் வான் திறப்பை எடுத்தார்.

இப்போது அவருடைய முதுகில் இரத்தம் கசிவது தெரிந்தது. எனக்காகத்தானே என்று நினைத்தாள். நினைப்பு வந்தது, நோவு வரவில்லை.

ஃபோன் அடித்தது. கோச் கிறிஸ்ரினா. அணியில் இருந்த ஒருத்தி பயிற்சியில் கணுக்காலை முறித்துக்கொண்டாளாம்.

"யூ ஆர் இன், நிலாணி! ஹலோ? ஆர் யூ தெயர்?"

"யா. தாங்க் யூ," என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருடம் காத்திருந்த செய்தி, பல் டொக்டரிடம் போகும் நாளை ஞாபகப்படுத்தியதுபோலக் காதில் விழுந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

அம்மாவிடம் போனாள். "அம்மா, நான் ரீமில. இப்பதான் கோச் எடுத்தவ."

ரதி துவாயைக் கீழே போட்டுவிட்டாள். "இஞ்சேருங்கோ! பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுதாம்! முருகன் கண்ணைத் திறந்திட்டான்!"

பார்க்கிங் முழுக்க அரோகரா அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பெண் அழுதேவிட்டாள். தொண்டர் ஹோஸ் பைப்பை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே கைகூப்பினார். "உருண்டு முடியிறதுக்குள்ள குடுத்திட்டான் பாருங்கோ!"

நவரட்ணம் உருளுவதை நிறுத்தினார். கையிலிருந்த தேங்காய் நழுவி, யாருடையதோ வானுக்குக் கீழே ஓடிப்போனது.

நிலாணி ஈரத்தரையில் அவர் தலைமாட்டில் குந்தினாள். "அப்பா, கேட்டதே? கிடைச்சிட்டுது. உங்கட நேர்த்தி பலிச்சிட்டுது. காணும், எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை. முகத்தைத் தாரிலேயே வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"கிடைக்கக்கூடாதெண்டெல்லோ பிள்ளை கேட்டனான்."