சிவந்துபோன ஹால்

"அக்கா, நீலம் குறையுது."

"எண்ணாதேடா. மேடையைப் பாரு."

"மேடையில நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். இதுல பாக்க என்ன இருக்கு?"

தம்பி இப்படிக் கேட்டது சத்தியம். இனி வரப்போவதும் சத்தியம்தான். ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் நாக்கு அழுகட்டும்.

அக்காவும் தம்பியும் ஜோடியாக டான்ஸ் மியூசிக் போடுகிறவர்கள். அன்றைக்குக் கிடைத்த ஹாலுக்கு அடுத்த சுவர் பிரசவ ஆஸ்பத்திரி. சத்தம் வெளியே கசியக் கூடாது என்பதால், வந்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு ஒயரில்லாத ஹெட்போன் கொடுத்தார்கள். அதில் ஒரு பட்டன். அமுக்கினால் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாவலாம். தாவினால் காதோரத்து விளக்கும் நிறம் மாறும்.

நீலத்தில், இருவரும் இரண்டு வருடம் கண் விழித்துச் செய்த புது மியூசிக் என்று ஏற்பாடு. சிவப்பில், அவர்களுடைய பழைய பாட்டுகளையே வெட்டி ஒட்டி ஒரு ரசிகர் செய்த மிக்ஸ். ரசிகருக்குத் தொழில், லிஃப்ட் ரிப்பேர். அவருடைய மிக்ஸ் இணையத்தில் சக்கைப்போடு போட்டதால் அதுவும் வேண்டும் என்று ஹால் முதலாளி ஒற்றைக்காலில் நின்றார்.

"வெச்சுக்கோங்க. ஆனா எந்தக் கலர்ல எதுன்னு கூட்டத்துக்குச் சொல்லக் கூடாது" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "புதுசுக்கு யாரும் ஆடலைன்னா நாளையிலேர்ந்து நான் கணக்கெழுதப் போறேன். பழசையே அரைச்சுக்கிட்டிருக்க என்னால ஆகாது."

சும்மா மிரட்டவில்லை. ஒரு கம்பெனியில் அவளுக்கு நாற்காலியே போட்டாகிவிட்டது.

இருவர் காதிலும் இருந்தது மிஷினிலிருந்து நேரே வரும் ஒயர் ஹெட்போன். அதில் விளக்கும் இல்லை, பட்டனும் இல்லை. தங்கள் பாட்டைக் கேட்டபடி கூட்டத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

முதலில் ஹால் முழுக்க நீலம். பிறகு ஜன்னலோரம் ஒரு சிவப்பு. அதைப் பார்த்து இன்னொன்று. ஜலதோஷம் மாதிரி பரவியது.

சிவப்புக்குப் போனவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. மூட்டுவலிக்காரர் ஒருவர் தன் ஊன்றுகோலை இன்னொரு மூட்டுவலிக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆடினார். வாங்கியவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆடினார். சத்தம் வருகிறதா என்று சோதிக்க வந்த நர்ஸம்மா, ஒரு ஹெட்போனை மாட்டிப் பார்த்தார், திரும்பிப் போகவில்லை. அவரைத் தேடி வந்த டாக்டரும் போகவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தாங்களாகவே சமாளித்துப் பிறந்துகொண்டன.

"போச்சுக்கா" என்றான் தம்பி. "முழுசா சிவந்துடுச்சு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

லிஃப்ட்காரர் மேடைப் படியருகே வந்து நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்..."

"வாங்கண்ணே. வாழ்த்துக்கள்."

"ஐயோ, அது இல்ல மேடம்..."

"ஜெயிச்சவங்க இப்படியா வேர்த்து நிப்பாங்க? சிரிங்க."

"நான் ஜெயிக்கல மேடம்."

"அடக்கம் போதும்ணே" என்றான் தம்பி. "டாக்டரே உங்க மிக்ஸுக்குச் சட்டையைக் கழட்டிச் சுத்திக்கிட்டிருக்கார். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

அக்கா ஹாலை ஒருமுறை கண்ணால் துழாவினாள். "டேய், அங்க பாரு. தூணோரம் ஒரு நீலம் இருக்கு. நமக்குன்னு ஒரே ஒருத்தி! கண்ணை மூடிக்கிட்டு எவ்வளவு ஆசையா கேக்கறாங்க பாரேன். இறங்கிப் போய் அந்தம்மா கையைப் பிடிச்சு நன்றி சொல்லிட்டு வரேன்."

"அவ என் சம்சாரம் மேடம்" என்றார் லிஃப்ட்காரர்.

தம்பிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, ஊரே உங்க மிக்ஸுக்கு ஆடுது, வீட்ல மட்டும் எடுபடலையா?"

லிஃப்ட்காரர் தன் தலையிலிருந்த ஹெட்போனைச் சுட்டிக் காட்டினார்.

"அவரை விடுடா" என்றாள் அக்கா. "அண்ணே, எனக்கு உங்க மேல கோபமே இல்ல. எங்க பழசை எங்களைவிட நீங்க நல்லாப் பாத்துக்கறீங்க. இனிமே இந்த மேடை உங்களுது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு நான் கிளம்பறேன்."

மைக்கை எடுத்தாள். அதுவரை எந்தப் படியையும் நிதானமாக ஏறியே பழக்கப்பட்ட லிஃப்ட்காரர், ஒரே தாவலில் மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்கினார். தன் தலையில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினார்.

அக்காவின் விரல்கள் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தன. சட்டென்று நின்றன.

"டேய்... சிவப்புல ஓடறது நம்ம புதுசுடா!"

"நீங்க டிரஸ் மாத்தப் போனப்ப ஒயரை மாத்திச் செருகினது நான்தான் மேடம்" என்றார் லிஃப்ட்காரர், தலையைக் குனிந்துகொண்டு. "கூட்டம் பூரா என் மிக்ஸுக்கே போயிட்டா நீங்க மனசு உடைஞ்சுடுவீங்களே, உங்க கண்ணுக்காவது ஹால் முழுக்க நீலமாத் தெரியட்டும்னு."