பேணாட் ஐயாவின் கொமிக்ஸ் பெட்டி

வாயை மூடுங்கடா கொஞ்சம். இங்க இருக்கிறவனுகளில பாதிப்பேர் இரவல் புத்தகம் வாங்கித் திருப்பிக் குடுக்காத ஆக்கள். மற்றப் பாதி இரவல் கேக்கக்கூடப் பஞ்சிப்படுற சோம்பேறியள். பாயிஸைப் பாத்துச் சிரிக்க உங்களில ஒருத்தனுக்கும் தகுதி இல்ல. ஆனாலும் சிரிப்பீங்கள். சிரியுங்க, கதை முடியட்டும், பாப்பம்.

எழுபத்தஞ்சாம் வருஷம். பாயிஸ் கிண்ணியாக்காரன். மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். குர்ஆனை மட்டும் ஒழுங்கா ஓதி முடிச்சவன். அதுக்குப் பிறகு ஒரு வேலையில ரெண்டு மாசம் நிண்டதில்ல. வாய்தான் ஒருநாளும் வேலையில்லாம இருந்ததில்ல.

ஒருநாள் துறைமுகப் பக்கம் பேணாட் ஐயா வீட்டுக்கு விறகு இறக்கப் போனான். அங்க ஒரு பெரிய தகரப் பெட்டி திறந்து கிடந்திச்சு. உள்ளுக்கு முழுக்கக் கொமிக்ஸ்.

வெள்ளைக்காரன்ர நேவி இருந்த காலத்தில ஐயா டொக்யாட்டில கணக்கெழுதுற கிளாக். கப்பல்காரர் வாசிச்சுப்போட்டு எறியிறதைக் கேட்டு வாங்கி, சேத்து, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேலாப் பாதுகாத்து வைச்சது. உப்புக் காத்து புத்தகம் குத்தின கம்பியைத் தின்னுமெண்டு, ஒவ்வொண்டிலயும் கம்பியைக் கழட்டிப்போட்டு வெள்ளை நூலால தைச்சிருந்தார். பூச்சிக்குப் புகையிலை. சவுக்காரம் போட்டுக் கை கழுவாம ஒருத்தரும் தொடக்கூடாது.

பாயிஸ் கை கழுவிப்போட்டு ஒண்டை எடுத்தான். சிவப்பும் நீலமும் இண்டைக்குக் காலமைதான் அடிச்ச மாதிரி. விறகை மறந்துபோனான்.

ஐயாவுக்குக் கண்ணில வெள்ளை விழுந்து நிழல்தான் தெரியும். தம்பிக்கு இங்கிலீஷ் வாசிக்க வருமோ எண்டு கேட்டார்.

இவன்ர வாய் சும்மா கிடக்குமா? தண்ணி பட்ட பாடு எண்டுட்டான். வாசிச்சுத் தமிழிலயே சொல்லுறன் எண்டும் சேத்துக்கொண்டான்.

அண்டையிலயிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போவான். பிளேன்ரீ, ஒரு துண்டு கேக். எல்லாத்துக்கும் மேல, ‘பொத்தடா வாயை’ எண்டு சொல்லாத ஒரு மனுசன். இவனைக் கதிரையில இருத்திவைச்சுக் கதை கேட்ட ஒரே வீடு அதுதான். குட்டு வெளிச்சா அந்தக் கதிரை போயிடும். அதுதான் அவனுக்குப் பயம்.

கதையை எப்பிடிச் சொன்னான்? குர்ஆன் ஓதின பழக்கமெல்லோ, அரபு வலத்திலயிருந்துதான். பின் அட்டையைத் திறந்து, வலப்பக்கப் படத்தில தொடங்கி இடப்பக்கம் போவான். எல்லாப் புத்தகத்திலயும் அவன்ர முதல் பக்க மூலையில ஒரே ரெண்டு சொல்லுக் கிடந்திச்சு. கொம்பனிப் பேராக்கும் எண்டு விட்டிட்டான்.

அவன் சொல்லுற கதையில வெடி பட்டுச் செத்தவன் எழும்பிக் கோப்பி குடிப்பான். கள்ளன் நகையைக் கொண்டுபோய் அலுமாரியில வைச்சுப் பூட்டுவான். ஐயாவுக்குப் பிடிச்சது ஒரு கப்பல் கதை. திரும்பத் திரும்ப அதையே கேட்பார். கடலுக்கடியிலயிருந்து கப்பல் எழும்பும். புயல் அடங்கும். கடைசியில துறையில நிண்டு கப்டன்ர பெஞ்சாதி கை காட்டி வரவேற்பாள்.

ஒரு சனிக்கிழமை றீற்றா வந்தாள். ஐயாவின்ர தம்பி மகள், லிங்கநகரில ரீச்சர். கண் ஒப்பரேசனுக்கு நாள் சொல்லிக் கடிதம் வருமெண்டு ஆஸ்பத்திரியில சொல்லி மூண்டு மாசம், இன்னும் வரேல்லையோ எண்டு கேக்க வந்தவள். வந்த நேரம் கப்பல் எழும்பிக்கொண்டிருந்திச்சு. பாயிஸுக்குப் பின்னால நிண்டு ரெண்டு பக்கம் கேட்டாள். பிறகு கை நீட்டி, அவன் தொடங்கின பக்கத்துக்குத் திருப்பினாள்.

“தம்பி, அந்த மூலையில என்ன எழுதியிருக்கு? வாசியும் பாப்பம்.”

பாயிஸ் புத்தகத்தை மூடப் பாத்தான், றீற்றா விடேல்ல.

“முற்றும் எண்டு எழுதியிருக்கு. பெரியப்பா, இவர் உங்கட கண்ணைச் சாட்டா வைச்சு ஏமாத்துறார். முடிவிலயிருந்து பின்னுக்குப் போறார். கப்பல் எழும்பேல்ல, தாழுது. அந்தப் பொம்பிளை வரவேற்கேல்ல, வழியனுப்புறாள். இங்கிலீஷில ஒரு எழுத்துத் தெரியாது இவருக்கு.”

பாயிஸ் எழும்பினான். நூல் இழுபடாம புத்தகத்தை மெதுவா மேசையில வைச்சான். கதிரை போச்சு எண்டு தெரிஞ்சிது.

ஐயா சிரிச்சார். முதல் நாளே தெரியுமெண்டார். ஒவ்வொண்டையும் பிரிச்சுத் தைச்சது தன்ர கை, பக்கத்துக்குப் பக்கம் மனப்பாடம், இவன் எந்தப் படத்தில நிக்கிறான் எண்டு கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவன் எண்டார். பிறகு சிரிப்பு நிண்டுது.

“நான் வாசிச்ச அத்தனை தரமும் அந்தக் கப்பல் தாழ்ந்துதான் போச்சுது பிள்ளை. இவன் வாசிக்கத்தான் மேல வந்தது. இரு தம்பி. ஆஸ்பத்திரிக் கடிதம் வந்து என்ர கண் சரிவரும் மட்டும் நீயே வாசி.”

றீற்றா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

நீங்களாயிருந்தால், தப்பினன் பிழைச்சன் எண்டு கேக்கை எடுத்துக் கடிச்சிருப்பீங்கள். பாயிஸ் இருக்கேல்ல. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

“ஐயா, போன மாசம் படலையில வைச்சுத் தபால்காரன் இங்கிலீஷில ஒரு கடிதம் தந்தவன். வாசிக்கச் சொல்லுவீங்களெண்டு பயந்து அதை ஒளிச்சது நான்தான்.”